காதுக்கு அச்சு எடுத்த பிறகு

1

போட்டுப் பார்க்காமல் ஒரு சட்டை வாங்கலாம். பெரிதாக இருந்தால் ஓரம் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவது கொஞ்சம் சிரமம். போட்டும் பார்க்காமல், கேட்டும் பார்க்காமல், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் காதுக்குள் வைக்கிற ஒரு சாமானை வாங்க வேண்டி வந்தால் என்ன செய்வது? போன வருடம் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது கொழுத்த கவலையாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

நான் சுவிஸில் டெலிபோன் மொழிபெயர்ப்பாளர். ஒரு ஆஸ்பத்திரியில் டொக்டர் இருப்பார், முன்னால் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு அம்மா இருப்பார், நடுவில் மேசையில் ஒரு போன் இருக்கும். அந்தப் போனுக்குள் நான். டொக்டர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்வதைத் தமிழிலும், அம்மா தமிழில் சொல்வதை டொச்சிலும் சொல்ல வேண்டும். முன்பு இதற்கெல்லாம் ரயில் ஏறிப் போய், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து செய்தேன். ஆட்களின் வாயைப் பார்க்கலாம், கையைப் பார்க்கலாம். இப்போது எல்லாம் போனில்தான். படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு காது. அவ்வளவுதான் என் கந்தோர்.

இரண்டு காது என்று எழுதிவிட்டேன். ஒன்றரை என்று சொல்வதுதான் சரி. இடது காது அரைவாசிதான் கேட்கும். கடையில் வாங்கும் இயர்போன் ரப்பர் மூடியோடு வரும். சின்னது, நடுத்தரம், பெரியது. வலது காதில் எதை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் வலி. இடது காதில் எதை வைத்தாலும் வழுக்கி விழும். ஒரு நாள் ஒரு தாய் தன் பிள்ளை சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கழன்று மடியில் விழுந்துவிட்டது. "இன்னொரு முறை சொல்லுங்கோ" என்றேன். அன்றைக்கு நான் பலமுறை அப்படிக் கேட்டிருந்தேன் போல. டொக்டர் முறைப்பாடு எழுதிவிட்டார்.

எங்கள் நிறுவனத்தின் மேலாளர் அழைத்தாள். நல்ல பெண். இந்த நாட்டு வழக்கப்படி மிகவும் மென்மையாகச் சொன்னாள்.

"உங்கள் மொழியில் குறை இல்லை வனிதா. உங்களுக்குச் சத்தம் சரியாக வந்து சேரவில்லை. அதை நீங்கள் சரிசெய்தால் நல்லது."

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததையும் மொழிபெயர்த்து எனக்குப் பழக்கம்.

2

காதுக்கு அச்செடுத்துச் செய்கிற இயர்போனைப் பற்றிச் சொன்னது என் மகள் ஆரணி. பதினாறு வயது. வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறாள். மேடையில் போடுவதற்கு அப்படி ஒரு சோடி வைத்திருக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு பேக்கரியில் வேலை செய்து வாங்கியது. அவளுடைய அறைக்குள் போனால் என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். நான் பேசுவது அவளுக்குக் கேட்காது. கேட்காமலே "ம், ம்" என்பாள்.

அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசைத் தமிழ். பசிக்குது, காணும், உப்புக் குறைவு, அப்பா எங்க. அதற்கு மேல் போனால் டொச் வந்துவிடும். ஆட்களை எல்லாம் அஃறிணையில்தான் சொல்வாள். "டீச்சர் வந்திச்சு, அது கோவிச்சுது." நான் திருத்துவதை நிறுத்திப் பல காலம்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன்" என்றாள். "நீங்க அதில எதைக் கேக்கப் போறீங்க? அதைப் பொறுத்துத்தான் வாங்க வேணும். எனக்கு பேஸ் வேணும். உங்களுக்கு பேஸ் கூடினா சொல்லு எல்லாம் மூடுப்படும்."

"மனிசர் கதைக்கிறதைத்தான் கேக்கப் போறன்."

"எல்லா மனிசரும் ஒரே மாதிரி கதைக்குது இல்லையே."

அவளும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து இணையத்தில் வாசித்தோம். அவள் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அதனாலேயே தேவைக்கு அதிகமாக வாசித்தோம் என்று நினைக்கிறேன். ஒரே சாமானை ஒருவன் தேன் என்கிறான், இன்னொருவன் தகரம் என்கிறான். கடினமான பிளாஸ்ரிக் நல்லது, வாயை அசைத்தால் கசியும். மெதுவான சிலிக்கன் நல்லது, ஆனால் கெதியில் மஞ்சளாகிவிடும். உள்ளே ஒரு குட்டி ஒலிபெருக்கி போதும் என்கிறார்கள் சிலர். பலது வேண்டும் என்கிறார்கள் பலர். எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றைத்தான்: செய்து வரும்வரை உன் காதில் அது எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த பிறகு அது உன் காதைத் தவிர வேறு யார் காதுக்கும் ஆகாது. அதனால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

காது குறைபாடு இருப்பதால் காப்புறுதியில் ஏதாவது தருவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். போனில் ஒரு பெண் என் விபரங்களைப் பதிந்தாள்.

"குறைபாடு நோயால் வந்ததா, விபத்தால் வந்ததா?"

"கடலால் வந்தது."

"புரியவில்லை."

"சுனாமி."

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. "அப்படியானால் விபத்து. அந்த நேரம் உங்களுடைய விபத்துக் காப்புறுதி எந்தக் கம்பனியில் இருந்தது?"

நான் சிரித்துவிட்டேன். அந்த நேரம் என் காலில் செருப்புக்கூட இருக்கவில்லை என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விபத்து இந்த நாட்டுக்குள் வருவதற்கு முன்பே நடந்திருந்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று பணிவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

3

காதுக் கருவி விற்கிற கடையில் மாதிரிக்கு இரண்டு சோடி இருந்தன. உள்ளே இருப்பது அதே கருவிதான், வெளியே மட்டும் ரப்பர் மூடி. கடைக்காரப் பெண் சொன்னாள்:

"இதிலிருந்து பாதிதான் தெரியும். மற்றப் பாதி உங்கள் காதுக்கு ஏற்றபடி மாறும். ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை இரண்டிலும் மாறி மாறிக் கேளுங்கள். எதில் புதிதாக ஏதாவது கேட்கிறதோ அதை எடுங்கள்."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பாட்டு அல்ல.

என் தம்பி தயாபரன், எங்களுக்குத் தயா. அவன் இயக்கத்தோடு வன்னிக்குப் போன விதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் மட்டக்களப்பில் பொடியன்கள் வீட்டை விட்டுப் போன விதங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யுத்தம் முடிகிற மாதங்களில் ஒரு நாள் அவன் என் போனுக்கு அழைத்திருக்கிறான். யாரோ வைத்திருந்த செட்டலைட் போனில், வரிசையில் நின்று. நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலையில் இருந்தேன். போன் அலுமாரிக்குள். வேலை முடிந்து வந்து பார்த்தபோது குரல் பதிவு இருந்தது. என் கணவர் அழிந்துபோகும் என்று பயந்து இன்னொரு போனைப் பக்கத்தில் பிடித்து அதை எடுத்து வைத்தார். காற்றும் இரைச்சலுமாக ஒரு சின்னப் பதிவு.

"சின்னக்கா, நான் தயா. போன் எடுக்கிறாய் இல்ல." பிறகு இரைச்சல். வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். பிறகு அவன்: "சாந்தியக்காட்ட சொல்லு. வாறன்."

அதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. முகாம்களில் இல்லை, சிறைகளில் இல்லை, இறந்தவர்களிலும் இல்லை.

சாந்தி அக்கா எங்கள் மூத்தவர். சுனாமிக்குப் பிறகு நாங்கள் குடியேறிய செங்கலடி வீட்டில்தான் இருக்கிறார், சந்தைக்குப் பின்னால் தையல் கடை. அந்த "வாறன்" என்ற சொல்லை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். நல்ல கல் வீடு ஒன்று வேறு இடத்தில் கிடைத்தபோதும் போகவில்லை. "அவனுக்கு இந்த வீடுதானேகா தெரியும்" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்களைச் செல்லமாக 'கா' என்போம். கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

நான் அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. கட்டிடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கும் அறையில், மெசின் ஓடும்போது கேட்பேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். வேறு வேறு இயர்போன்களில் கேட்டிருக்கிறேன். நடுவில் அந்த இரைச்சலுக்குள் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பானோ என்று.

கடையில் அதைத்தான் இரண்டு மாதிரியிலும் போட்டுக் கேட்டேன். முதலாவதில் காற்று பெரிதாக வந்தது. இரண்டாவதில் அவன் ஒரு அடி முன்னால் வந்து நின்றான். மூச்சை இழுப்பது கேட்டது. அந்த மூச்சு எனக்குப் புதிது.

"என்ன பாட்டு?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ரேடியோ" என்றேன். "இதையே செய்யுங்கள்."

4

அச்செடுப்பதற்கு முன் காது டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். பழைய ஓட்டை மூடியிருக்கிறது, வடு மட்டும் இருக்கிறது, பயமில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு நாள் அதே கடையில், கழுத்தில் துணி போட்டு உட்காரவைத்து, காதுக்குள் நூல் கட்டிய சின்னப் பஞ்சைத் தள்ளி, ஊசிக்குழாயால் குளிர்ந்த களியை நிரப்பினார்கள். ரோஸ் நிறக் களி. இறுகும்வரை அசையக் கூடாது. நேரம் மிச்சம் என்று இரண்டு காதையும் ஒன்றாக நிரப்பினாள்.

உலகம் நின்றுவிட்டது. கடைக்காரப் பெண்ணின் வாய் அசைந்தது. என் இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் உள்ளே இரைந்தது. நான் இந்தச் சத்தத்தை முன்பே கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பார்த்தபோது இரண்டு காதிலிருந்தும் களியைப் பிய்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். டொச்சில் "கேட்பது" என்பதற்கும் "சொந்தமாக இருப்பது" என்பதற்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான், முன்னால் ஒரு அசை மட்டும் வித்தியாசம். இத்தனை வருடம் மொழிபெயர்த்துச் சம்பாதிக்கிற நான் இடது காதைக் காட்டி, "இந்தக் காது எனக்குக் கேட்பதில்லை" என்று சொல்வதற்குப் பதிலாக, "இந்தக் காது எனக்குச் சொந்தமில்லை" என்று சொல்லிவிட்டேன். அவள் திருத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

அடுத்த முறை ஆரணி கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பையோடு கடை வாசலில் நின்றாள். ஒவ்வொரு காதாக எடுங்கள் என்று அவளே கடைக்காரப் பெண்ணிடம் சொன்னாள். இடது காதில் களி இறுகும்போது என் வலது பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு ஏன் பயந்தீங்க?"

"வாயை அசைக்கக் கூடாது."

"மெல்லமா சொல்லுங்க."

மெல்லச் சொன்னேன். அவளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக டொச்சில். நாவலடியில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருந்ததை. காலையில் நான் கிணற்றடியில் நின்றதை. அலை என்று நாங்கள் நினைக்கவே இல்லை, மண்ணும் ஓலையும் மரமுமாக ஒரு கறுப்புச் சுவர் வந்ததை. தண்ணீருக்குள் ஒரு சத்தமும் இல்லை, உள்ளுக்குள் இரைச்சல் மட்டும். தயா என் தலைமயிரைப் பிடித்து இழுத்து ஒரு மதிலில் ஏற்றியதை. அவனுக்கு அப்போது அவளுடைய வயதுதான். அம்மாவை அடுத்த நாள் வாவிப் பக்கம் கண்ணா மரப் பற்றைக்குள் கண்டெடுத்ததை. காதுக்குள் போன சேற்றுத் தண்ணீர் சீழ் பிடித்ததை. முகாமுக்கு வந்த வெளிநாட்டு டொக்டர்மாருக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் தேவைப்பட்டதால், காதில் பஞ்சோடு நான் முதன்முதலாக மொழிபெயர்க்கத் தொடங்கியதை.

டொச்சில் சொன்னபோது அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

ஆரணி கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். பிறகு தமிழில் கேட்டாள்: "அந்த மாமா இப்ப எங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். களி இன்னும் இறுகவில்லை.

5

சாமான் வந்து சேர்ந்தது. சின்னப் பெட்டிக்குள் என் காது இரண்டும் கண்ணாடி போலக் கிடந்தன. போட்டுக்கொண்டேன். வலிக்கவில்லை, விழவில்லை. வேலைக்கு நன்றாகவே இருந்தது. முதல் நாள் ஒரு கிழவருக்கும் ஒரு தாதிக்கும் நடுவில் மொழிபெயர்த்தேன். ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். மெசினைப் போடவில்லை. பதிவைப் போட்டேன்.

எல்லாம் தெளிவாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். தூரத்தில் ஒரு பாரமான சத்தம், அது என்னவென்று எனக்குத் தெரியும். நடுவில் அந்தப் பெண் குரல். இத்தனை வருடமாக அது வரிசையில் நின்று அவசரப்படுத்துகிற யாரோ என்று நினைத்திருந்தேன். இப்போது அது தூரத்தில் இல்லை. தயாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. "சொல்லுங்கோ" என்றது. அதட்டல் இல்லை. கெஞ்சல்.

மட்டக்களப்பில் நாங்கள் "சொல்லுங்க" என்போம். "சொல்லுங்கோ" என்பது வடக்குப் பேச்சு. வேலையில் வடக்கு ஆட்களுக்காக நானும் அப்படித்தான் பேசப் பழகியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவனை அவசரப்படுத்துகிறவள் "கெதியாக் கதையுங்கோ" என்பாள். "சொல்லுங்கோ" என்றால், என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

நான் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஆரணி கதவடியில் நிற்பதைக் கண்டேன்.

"ஒவ்வொரு கிழமையும் இஞ்ச என்ன கேக்கிறீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அப்பா சொன்னது. எனக்கும் தாங்க."

கழற்றிக் கொடுத்தேன். அவள் காதுக்குள் அது போகவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். "இது உங்கட காது" என்று திருப்பித் தந்துவிட்டு, தன்னுடையதையும் கொம்பியூட்டரையும் எடுத்துவர மேலே ஓடினாள். திரும்பி வந்து என் போனிலிருந்த பதிவை அதில் ஏற்றி, கடைசித் துண்டை மட்டும் வெட்டி, மெதுவாக்கித் திரும்பத் திரும்பப் போட்டாள். இசைக்குழுவில் பாட்டைப் படிப்பதும் அப்படித்தானாம்.

"அம்மா, கடைசிச் சொல்லு என்ன?"

"வாறன்."

"அப்பிடி எண்டா நாக்கு மேல தொடும், என்ன? வாறன்." சொல்லிப் பார்த்தாள். "இதில அப்பிடி இல்ல. கடைசியில வாய் மூடுது."

"இல்லை. வாறன் எண்டுதான் சொல்லுறான்."

"நீங்க அப்பிடி நினைச்சுக் கேக்கிறீங்க. எனக்கு அந்தச் சொல்லே வடிவாத் தெரியாது. நான் சத்தத்தை மட்டும் கேக்கிறன். வாய் மூடுது. வாறம்."

வெட்டிய துண்டை என் போனுக்கு அனுப்பினாள். நான் என் காதுகளைத் திரும்பவும் போட்டுக்கொண்டு கேட்டேன்.

வாறம்.

"வாறம் எண்டா என்னம்மா?" என்று கேட்டாள். "வேற அர்த்தமா?"

வாறன் என்றால் நான் வருகிறேன். வாறம் என்றால் நாங்கள் வருகிறோம். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

6

பாரிஸில் சீலன் என்று ஒருவர் இருக்கிறார், வந்தாறுமூலை ஆள். வன்னியில் தயாவோடு இருந்தவர். முன்பு கதைத்தபோதெல்லாம் தயாவை எப்போது கடைசியாகக் கண்டீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன்.

"தம்பி, அவனோட ஒரு பெண் இருந்தாளா?"

"ஓமக்கா." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "ஒரு பொம்பிளப் பிள்ளை இருந்திச்சி. அந்த நேரம் தாய் தகப்பன், இயக்கத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க எண்ட பயத்தில பிள்ளையளுக்குக் கலியாணம் கட்டி வைச்சாங்க. ஐயர் இல்ல, மேளம் இல்ல. ஒரு பங்கருக்குப் பக்கத்தில தாலி கட்டினவன். உங்களுக்குச் சொல்லல்லையா?"

"பேர் என்ன?"

"பேர்..." நீண்ட நேரம் இழுத்தார். "அவன் 'இஞ்சேரு' எண்டுதானக்கா கூப்பிடுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேக்கல்ல. மாங்குளம் பக்கம் எண்டு நினைவு. நான் காயப்பட்டு முன்னமே கப்பலில ஏத்துப்பட்டு வந்திட்டன்."

"தாய் தகப்பன்?"

"தெரியாக்கா. அந்தப் பக்கம் ஆர் மிச்சம் எண்டு ஆருக்குத் தெரியும்."

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றார் என் கணவர். "ஒரு ஆளைத் தேடியே அவ உருகிப் போயிட்டா. இன்னொரு ஆளையும் ஏன் அவட தலையில வைக்கிறாய்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் சில கிழமைகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தயா சொல்லச் சொன்னது சாந்தியக்காவிடம். சொல்ல வேண்டிய செய்தியை நாங்கள் பிழையாகக் கொடுத்துவிட்டோம். என் தொழிலில் பிழையாகக் கொடுத்ததைத் தெரிந்தும் திருத்தாமல் விடுவதில்லை.

சொன்னேன். அக்கா தையல் மெசினை நிறுத்தினது கேட்டது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா?"

"இருக்கன். புள்ள ஏதும்?"

"தெரியாதக்கா."

"அவள்ட வீட்டு ஆக்களும் எங்கயோ இருந்து தேடிக்கிட்டு இருப்பாங்க, என்ன?"

"இருந்தா தேடுவாங்கதான்."

"இவ்வளவு காலமா நான் அவனுக்கு மட்டும்தானேகா கும்பிட்டன்." மெசின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "அவளுக்கு ஆர் கும்பிட்டது?"

அக்கா அதோடு போனை வைத்துவிட்டார். அடுத்த சில கிழமை என் அழைப்பையே எடுக்கவில்லை. கணவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

7

பிறகு போன கிழமை அக்காவே அழைத்தார். தயாவுடைய பிறந்தநாள் அன்று. வருடாவருடம் அவன் பெயருக்கு ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்வார். உயிரோடு இருக்கிறவனுக்குச் செய்கிற மாதிரி. திதி ஒருபோதும் கொடுத்ததில்லை.

"கோயிலுக்கு வந்திருக்கன். போனைக் கையில பிடிச்சிருக்கன். நீயும் கேளு."

நான் வேலை மேசையில் இருந்தேன். காதுகள் ஏற்கெனவே காதில் இருந்தன. கோயிலின் தரை அதிர்வு வரைக்கும் வந்தது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஒரு பிள்ளை எதற்கோ அடம்பிடித்து அழுதது. ஐயரின் குரல் பக்கத்தில் வந்தது.

"பேர்?"

"தயாபரன்."

"நட்சத்திரம்?"

"பூரட்டாதி."

"வேற?"

அக்கா தட்டை மாற்றிப் பிடிக்கிற சத்தம்.

"வேற ஆருக்கும் இருக்காம்மா?"

"அவன்ட பெண்சாதிக்கு."

"பேர்?"

"தெரியாதய்யா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியா."

ஐயர் இளம் ஆள் போல. கொஞ்சம் தடுமாறினார். "அப்ப சுவாமி பேருக்குச் செய்வம் அம்மா. எல்லாருக்கும் போய்ச் சேரும்."

"சுவாமிக்கு நீங்க ஒவ்வொரு நாளும் செய்யிறீங்கதானே" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இது அவளுக்கு. எங்கட மச்சாளுக்கு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஐயர் உள்ளே போகிற காலடி. பிறகு மந்திரம் தொடங்கியது. தயாபரன் பெயர் வந்தது. நட்சத்திரம் வந்தது. பிறகு, அவனுடைய தர்மபத்தினி என்று வந்தது. அந்த இடத்தில் ஐயர் நிறுத்தினார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

மணி அடித்து ஓய்ந்த பிறகு அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் எடுத்தார்.

"கேட்டிச்சாகா?"

"கேட்டிச்சக்கா" என்றேன்.